மூன்று கொண்ட்ரோலர், ஒரு லப்டொப்: எங்கே அறுபடுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரு கீபோர்டை மட்டும் லப்டொப்பில் மாட்டி வாசிக்கும்வரை பெரிய தலையிடி இல்லை. பக்கத்தில் ரிதம் தட்ட ஒரு பேட், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஃபேடர் பெட்டி, பாடகரின் மைக்குக்கு ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் என்று சேரச் சேரத்தான் கூத்து ஆரம்பிக்கும். ஒன்றை மாட்டினால் மற்றது காணாமல் போகும். நேற்று ஒழுங்காக இருந்த குமிழ் இன்று வேறு ட்ரக்கை (மென்பொருளில் ஒரு வாத்தியத்துக்கான வரியை) திருப்பும். கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் மட்டும் நின்று ஊளையிடும். கொழும்பில் கலியாண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் வாசிக்கிற பிள்ளைகள் பலர் இப்போது லப்டொப்பும், அதற்குச் செய்தி அனுப்பி வாசிக்க வைக்கும் இந்த மாதிரிக் கருவிகளான கொண்ட்ரோலர் இரண்டு மூன்றுமாகத்தான் திரிகிறார்கள். அவர்களில் புதிதாகத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கருவி பழுது என்ற முடிவுக்கு ஆகக் கடைசியாக வாருங்கள். டிரைவரை அழித்து மறுபடி போடுவதும், விண்டோஸையே புதிதாகப் போடுவதும் அதற்குச் சற்று முன்னால் வரவேண்டிய வேலைகள். ஆனால் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தியதும் அந்தச் செய்தி, 'மிடி' என்ற இசைக் கருவிகளின் பொது மொழியில், வயர் வழியாக ஹப்புக்கும் (ஒரே போர்ட்டில் பல கருவிகளை மாட்ட உதவும் பெட்டி), அங்கிருந்து லப்டொப்பின் போர்ட்டுக்கும் போகிறது. பிறகு விண்டோஸ் அதை வாங்கி, இசை மென்பொருளிடம் கொடுக்கிறது. மென்பொருள், செய்தியோடு வரும் சனல் எண்ணைப் பார்த்து உரிய ட்ரக்குக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் செய்தி அறுபடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் கழற்றுங்கள்

எல்லாம் மாட்டியபடியே இருக்கும்போது எதையும் தேடிப் பிடிக்க முடியாது. இசை மென்பொருளை மூடுங்கள். எல்லாக் கொண்ட்ரோலர்களையும் ஹப்பையும் கழற்றுங்கள். லப்டொப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு கொண்ட்ரோலரை, ஹப் இல்லாமல், நேரடியாக லப்டொப்பில் மாட்டுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டிவைஸ் மனேஜரைத் திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கொண்ட்ரோலர்ஸ்' என்ற பகுதியைப் பார்த்துக்கொண்டே மாட்டுங்கள். கருவியின் பெயர் அங்கே வந்து நிற்கவேண்டும். மெக் வைத்திருப்பவர்களுக்கு 'ஓடியோ மிடி செட்டப்' என்ற செயலிக்குள் 'மிடி ஸ்டூடியோ' என்ற சாளரம் உண்டு. கருவியின் படம் அதில் தெளிவாகத் தெரிந்தால் சரி, மங்கலாக இருந்தால் இணைப்பு இல்லை. லினக்ஸ்காரருக்கு 'ஏகனெக்ட்' (aconnect -l) கட்டளை போதும். 1999இல் யூஎஸ்பி மிடிக்கென ஒரு பொது விதி வந்தது. அதைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, மாட்டியதும் தெரியும். இன்று விற்கும் சின்னக் கொண்ட்ரோலர்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

விளக்கு எரிகிறது, ஆனால் பெயர் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் வயர்மேல். சில யூஎஸ்பி வயர்களில் மின்சாரக் கம்பிகள் மட்டும் உண்டு, தரவு போகும் கம்பிகள் இல்லை. மலிவான போன் சார்ஜர்களோடு வருபவற்றில் இந்த ரகம் அதிகம். சோதிக்க எளிய வழி, அதே வயரால் ஒரு போனை லப்டொப்போடு இணைத்து ஒரு படத்தைக் கொப்பி பண்ணிப் பார்ப்பது. சார்ஜ் மட்டும் ஏறினால் அந்த வயரைத் தனியே எடுத்து வையுங்கள். கீபோர்ட் கொண்ட்ரோலர்களில் பலவற்றுக்கு, பிரிண்டருக்கு வருகிற சதுர முனை வயர் பொருந்தும். கோர்க் நனோகொண்ட்ரோல் 2 போன்றவற்றுக்குப் பழைய டிஜிட்டல் கமராவுக்கு வந்த மினி முனை வேண்டும். புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வயர் வாங்கும்போது முனையின் பெயரைச் சொல்லி மினக்கெடாமல், கருவியையே கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நீளமும் கவனம்: யூஎஸ்பி 2 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. மேடையின் மறுகரைக்குப் பத்து மீட்டர் வயர் இழுத்தால் அது சில நாள் வேலை செய்யும், சில நாள் கைவிடும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரமாக இருப்பவர்களுக்கு ஒரு சொல். உப்புக் காற்று உலோக முனைகளில் படிந்து கறுக்க வைத்துவிடும். கொஞ்சம் ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது என்ற ரகப் பிரச்சினைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் வயரின் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டிப் பாருங்கள்.

முதலாவது சரியென்றால் அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைத் தனியே. பிறகு மூன்றாவதைத் தனியே. தனித்தனியாக எல்லாம் வேலை செய்து, சேர்ந்தால்தான் குழப்பம் என்றால் நல்ல செய்தி: கருவிகளில் பழுதில்லை.

ஹப்பும் மின்சாரமும்

பலரும் 'நிறையக் கருவிகள் சேர்ந்தால் யூஎஸ்பி நெரிசலாகிவிடும்' என்கிறார்கள். மிடியைப் பொறுத்தவரை அது வீண் பயம். 1983இல் வந்த அசல் மிடி வயரின் வேகமே நொடிக்கு 31,250 பிட்தான். ஒரு சுரத்தை அனுப்ப அதில் ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன் போதும். சாதாரண யூஎஸ்பி கொண்ட்ரோலர் இணையும் வேகம் நொடிக்கு 12 மில்லியன் பிட். உங்கள் பத்து விரலும் சேர்ந்து தட்டினாலும் அது நிரம்பாது.

நிரம்புவது மின்சாரம். ஒரு யூஎஸ்பி 2 போர்ட் கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லி அம்பியர். யூஎஸ்பி 3 என்றால் 900. தனி அடப்டர் இல்லாத ஹப்பை மாட்டினால், அந்த 500ஐத்தான் அது தன் எல்லா வாய்களுக்கும் பங்கு போடவேண்டும். விதிப்படி அப்படிப்பட்ட ஹப்பின் ஒரு வாய்க்குக் கிடைப்பது 100 மில்லி அம்பியர் மட்டுமே. மவுஸுக்கு அது தாராளம். அறுபத்து நான்கு பேட்டும் நிறம் நிறமாக எரியும் கொண்ட்ரோலருக்கு எந்த மூலைக்கும் காணாது.

மின்சாரம் போதாதபோது கருவி நேர்மையாக அணைந்து போகாது, அதுதான் சிக்கல். பேட் விளக்குகள் மங்கும். எல்லா விளக்கும் ஒன்றாக எரியும் பாட்டில் மட்டும் இணைப்பு அறுந்து திரும்ப வரும். மற்ற நேரம் நன்றாகவே இருக்கும். விண்டோஸ் 'டிங்-டொங்' என்று கழற்றி மாட்டிய சத்தத்தைத் தானாகவே போட்டுக்கொண்டிருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், 'சுரத்தை நிறுத்து' என்ற செய்தி லப்டொப்புக்கு வந்தே சேராது. ஒரு சுரம் மட்டும் நின்று ஊளையிடுவதற்கு ஒரு முக்கிய காரணம் இதுதான். அந்த நேரத்தில் மென்பொருளின் 'பெனிக்' பொத்தானை அழுத்துங்கள். எல்லாச் சுரமும் அடங்கும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' செயலியின் யூஎஸ்பி பகுதியில், ஒவ்வொரு கருவியும் எத்தனை மில்லி அம்பியர் கேட்கிறது என்று பார்க்கலாம். விண்டோஸில் அதை ஒழுங்காகப் பார்ப்பது சிரமம். கருவியின் கையேட்டைப் பாருங்கள்.

ஆகவே மூன்றாவது கொண்ட்ரோலருக்குக் காசு சேர்க்கும் முன், சுவர் மின்சாரத்தில் ஓடும் ஹப் ஒன்றை வாங்குங்கள். கணக்கு எளிது: நான்கு வாய்க்குத் தலா 500 என்றால் 2 அம்பியர். ஆகவே 5 வோல்ட், குறைந்தது 2 அம்பியர் அடப்டரோடு வரும் ஹப். பெட்டியில் பத்து வாய் என்று போட்டு, உள்ளே 1 அம்பியர் அடப்டரை வைத்திருந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

அடப்டர் தொலைந்துவிட்டது என்று கையில் கிடைத்ததை மட்டும் மாட்டாதீர்கள். வீட்டு ரவுட்டரின் அடப்டர் முனை பல ஹப்களுக்கும் அச்சாகப் பொருந்தும். ஆனால் ரவுட்டருக்கு வருவது பெரும்பாலும் 12 வோல்ட். 5 வோல்ட் கருவிகள் நிறைந்த ஹப்பில் அதைக் குத்தினால் ஹப்போடு சேர்ந்து கொண்ட்ரோலர்களும் போய்விடலாம். அடப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள். ஹப் வந்ததும் அதன் அடப்டரில் மார்க்கரால் '5 வோல்ட் ஹப்' என்று பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

ஓடியோ இன்டர்ஃபேஸை ஹப்பில் போடாதீர்கள். அதற்கு லப்டொப்பில் தனி போர்ட். மிடி போலல்லாமல் ஓடியோ இடைவிடாமல் ஓடும். அதில் ஒரு சொட்டு தவறினாலும் 'டிக்' என்று காதில் கேட்கும். ஹப்புக்குள் ஹப் மாட்டும் வேலையும் வேண்டாம். விதிப்படி ஐந்து ஹப்வரை சங்கிலியாகப் போகலாம். மேடையில் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பதே புத்தி.

கரண்ட் போன நேரத்தில் மட்டும் வரும் வியாதி

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்துண்டிப்பு இருந்த காலத்தைக் கொழும்பில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லைதான். ஆனாலும் மண்டபத்தில் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை வரும் அரை நிமிட இருட்டு போதும், கொண்ட்ரோலர்கள் எல்லாம் கைவிட்டுவிடும். லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகேன்?

இரண்டு காரணம். ஒன்று, சுவர் மின்சாரம் போனதும் ஹப்பின் அடப்டரும் செத்துவிடும். அதன்பின் ஹப் லப்டொப்பின் ஒற்றைப் போர்ட்டை நம்பி இருக்கும். மேலே சொன்ன பங்குச் சண்டை அந்தக் கணமே தொடங்கும். இதற்கு, ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன யூபிஎஸ் நல்ல மருந்து. அவற்றில் பலவற்றுக்கு 12, 9 வோல்ட் வாய்களோடு 5 வோல்ட் வாயும் உண்டு. உங்கள் ஹப் கேட்கும் அம்பியரை அந்த வாய் கொடுக்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் விண்டோஸுக்குள் இருக்கிறது. பற்றரிக்கு மாறியதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, சும்மா இருப்பதாகத் தோன்றும் யூஎஸ்பி கருவிகளை அது தூங்க வைக்கலாம். கொண்ட்ரோல் பெனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்', அதில் உங்கள் திட்டத்தின் 'அட்வான்ஸ்ட்' அமைப்புகள், அதற்குள் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று போங்கள். அங்கே பற்றரிக்கு ஒரு வரி, சார்ஜருக்கு ஒரு வரி தனித்தனியாக இருக்கும். சார்ஜர் வரியை மட்டும் நிறுத்திவிட்டு வருபவர்களே அதிகம். இரண்டையும் நிறுத்துங்கள். சில புதிய லப்டொப்களில் இந்த வரியே தெரியாது. அப்போது டிவைஸ் மனேஜரில் ஒவ்வொரு 'யூஎஸ்பி ரூட் ஹப்'பையும் திறந்து, 'பவர் மனேஜ்மென்ட்' பக்கத்தில், மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற கட்டத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒருமுறை வேண்டுமென்றே சோதியுங்கள். எல்லாவற்றையும் மாட்டி, வாசித்துக்கொண்டே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பெயர் குழம்புதல்

மின்சாரம் சரி. எல்லாக் கருவியும் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது என்பது அடுத்த முறைப்பாடு.

யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் கணினியிடம் தன் தொடரிலக்கத்தைச் சொல்லலாம். சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. மலிவான கொண்ட்ரோலர்கள் பல சொல்வதில்லை. அப்போது விண்டோஸ், 'இந்தப் போர்ட்டில் இருந்தவர்' என்றுதான் அதை நினைவு வைத்திருக்கும். நேற்று இடது போர்ட்டில் மாட்டியதை இன்று வலது போர்ட்டில் மாட்டினால் விண்டோஸுக்கு அது புது ஆள். பெயருக்கு முன்னால் '2-' என்று ஓர் எண்ணைச் சேர்த்துப் புதிதாகப் பதிந்துகொள்ளும். இசை மென்பொருளோ பழைய பெயரைத் தேடி, காணோம் என்று உங்கள் அமைப்பைக் கைவிட்டுவிடும். ஒரே மொடலில் இரண்டு வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எது முதலாவது, எது இரண்டாவது என்பது மாறி மாறி வரும்.

மருந்து மென்பொருளில் இல்லை, இன்சுலேஷன் டேப்பில் இருக்கிறது. ஹப்பின் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நிறம், அதில் போகும் வயரின் இரண்டு முனைக்கும் அதே நிறம். சிவப்பு வயர் சிவப்பு வாயில்தான். ஹப் லப்டொப்பின் எந்தப் போர்ட்டில் போகிறது என்பதற்கும் ஓர் அடையாளம், ஏனென்றால் ஹப் இடம் மாறினாலும் அதிலுள்ள எல்லோரும் புது ஆட்கள்தான். மெக்காரருக்கு இதில் ஒரு வசதி: மிடி ஸ்டூடியோவில் கருவியை இரட்டைக் கிளிக் செய்து 'இடது பேட்', 'வலது பேட்' என்று பெயரே மாற்றிவிடலாம்.

இப்படி மாற்றி மாற்றி மாட்டியதன் மிச்சங்கள் விண்டோஸுக்குள் ஆவிகளாகக் கிடக்கும். பழைய விண்டோஸ்களில் மிடிக்குப் பத்தே இடங்கள்தான். இன்றைக்கும் கோர்க்கின் மிடி டிரைவர், முதல் பத்து இடத்துக்குள் வராவிட்டால் முரண்டு பிடிக்கும். அந்த இடங்களை இல்லாத கருவிகளின் ஆவிகள் பிடித்து வைத்திருந்தால், கையில் இருக்கும் நனோகொண்ட்ரோல் டிவைஸ் மனேஜரில் தெரியும், மென்பொருளில் தெரியாது. டிவைஸ் மனேஜரின் 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். மங்கலாகத் தெரியும் மிடிப் பெயர்கள்தான் ஆவிகள். அவற்றை மட்டும் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். மங்கலாக இருக்கும் எல்லாவற்றையும் அழித்துத் தள்ளவேண்டாம். மிடிக்குச் சம்பந்தமில்லாதவையும் அங்கே மங்கலாகத்தான் இருக்கும். பிறகு ஒரு ரீஸ்டார்ட்.

இன்னொன்று: ஒரு கருவிக்கு மென்பொருளில் இரண்டு மிடி போர்ட் இருக்கலாம் (இது வயர் மாட்டும் வாய் இல்லை, செய்தி வந்துபோகும் வழி). நொவேஷன் லோஞ்ச்கீ போன்றவை, வாசிக்க ஒன்று, மென்பொருளோடு பேச ஒன்று என்று இரண்டு காட்டும். விண்டோஸில் இரண்டாவதன் பெயர் 'மிடிஇன் 2' என்று தொடங்கி வரலாம். கட்டைகள் வேலை செய்யவில்லை என்றால் தவறான போர்ட்டைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

செய்தியைக் கண்ணால் பார்த்தல்

இதைப் பழகிக்கொண்டால் பிறகு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. விண்டோஸில் 'மிடி-ஓஎக்ஸ்', மெக்கில் 'மிடி மொனிட்டர்' என்ற இலவச மென்பொருட்கள், வந்துசேரும் ஒவ்வொரு செய்தியையும் வரி வரியாகக் காட்டும். இசை மென்பொருளை மூடிவிட்டு இதைத் திறந்து, கீபோர்டில் நடு 'சி' கட்டையை அழுத்துங்கள். மிடி-ஓஎக்ஸில் இப்படி ஏதாவது வரும்:

90 3சி 64

முதல் எண்ணின் 9, சுரம் தொடங்கியது என்கிறது. அடுத்த 0, அது முதலாம் சனல் என்கிறது. எண்ணுவது பூச்சியத்தில் இருந்து என்பதால் 0 என்றால் 1, 9 என்றால் 10. அடுத்த '3சி', எந்தக் கட்டை என்பது. பதினாறின் கணக்கில் எழுதியிருப்பதால் '3சி' என்றால் 60, அதாவது நடு 'சி'. கடைசி 64 என்பது நம் கணக்கில் 100, எவ்வளவு அழுத்தி அடித்தீர்கள் என்பது. உச்சம் 127. கையை எடுத்ததும் 80 என்று தொடங்கும் வரியோ, கடைசி எண் பூச்சியமாக உள்ள இன்னொரு 90 வரியோ வரும். குமிழைத் திருப்பினால் 'பி0' என்று தொடங்கும். சுருதியை வளைக்கும் சில்லைத் திருப்பினால் 'ஈ0'.

இங்கே வரி வருகிறது, இசை மென்பொருளில் சத்தம் இல்லை என்றால் வயர், ஹப், விண்டோஸ் மூன்றும் குற்றமற்றவை. மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு மென்பொருளுக்குள் தேடுங்கள். இங்கேயே வரி இல்லை என்றால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

மென்பொருளுக்குள்

மிடி-ஓஎக்ஸை மூடாமல் இசை மென்பொருளைத் திறந்தால் 'போர்ட்டைத் திறக்க முடியவில்லை' என்று வரலாம். விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் போர்ட்டைக் கொடுக்கும். கருவியோடு வந்த எடிட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலும், குரோமில் மிடி பயன்படுத்தும் பக்கம் ஒன்று திறந்து கிடந்தாலும் இதே கதைதான். மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11க்காகப் புதிதாக எழுதிய மிடி அமைப்பில் ஒரு போர்ட்டைப் பலர் பகிரலாம். விண்டோஸ் 10ஓடு இருப்பவர்கள் ஒவ்வொன்றாக மூடித்தான் ஆகவேண்டும். மென்பொருளைத் திறந்த பிறகு கருவியை மாட்டினால் சிலது கவனிக்காது. ஆகவே முதலில் கருவிகள், அப்புறம் மென்பொருள்.

பிறகு மிடி அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு போர்ட்டும் எதற்கு என்று சொல்லுங்கள். ஏபிள்டன் லைவில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'ட்ரக்', 'சிங்க்', 'ரிமோட்' என்று சுவிட்ச்கள் இருக்கும். வாசிக்கும் கீபோர்டுக்கு ட்ரக், ஃபேடர் பெட்டிக்கு ரிமோட். ரீப்பரில் போர்ட்டை உள்ளீடாகத் திறப்பதும் கட்டுப்பாட்டுக்குத் திறப்பதும் வேறு வேறு தெரிவுகள். எஃப்எல் ஸ்டூடியோவில் ஒவ்வொரு கருவிக்கும் வேறு போர்ட் எண் கொடுங்கள். அந்தக் கருவிக்குத் திரும்பத் தகவல் போகவேண்டுமென்றால் வெளியீட்டிலும் அதே எண்.

இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் திறந்து விடுவதால் வரும் விநோதங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் கேட்டது: “அண்ணை, ஃபேடரை இழுக்க இழுக்க வயலின் சுருதி விலகுது. பிளே பொத்தானை அமத்தினா ஒரு மேல் சுரம் வேற கேக்குது. பெட்டி பழுதோ?”

பழுதில்லை. ஃபேடர் பெட்டிகள் பல 'மக்கி கொண்ட்ரோல்' என்ற முறையில் மென்பொருளோடு பேசும். அந்த முறையில் ஃபேடரின் நகர்வு, சுருதியை வளைக்கும் செய்தியாகத்தான் போகிறது. குமிழ்ச் செய்தியில் 128 படிதான் உண்டு, வளைவுச் செய்தியில் அதைவிடப் பல மடங்கு நுட்பமான படிகள் உண்டு என்பதால் அப்படி அமைத்தார்கள். முதல் ஃபேடர் முதலாம் சனலில், இரண்டாவது இரண்டாம் சனலில் என்று போகும். பொத்தான்களோ சுரச் செய்திகளாகப் போகும். பிளே பொத்தான் 94ஆம் சுரம். ஃபேடர் பெட்டியின் மொழி தெரிந்த பகுதியிடம் போனால் அது சத்தத்தைக் கூட்டும். வயலின் ட்ரக்கிடம் போனால், அது தனக்குத் தெரிந்தபடி சுருதியை வளைக்கும். அந்தத் தம்பியின் வயலின் ட்ரக் 'எல்லா மிடி உள்ளீடும்' என்று திறந்திருந்தது. கியூபேஸில் மிடி போர்ட் அமைப்பில், 'ஓல் மிடி இன்புட்ஸ்' நிரலில் ஃபேடர் பெட்டிக்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்ததும் வயலின் தன் பாட்டில் நின்றது.

இரண்டு பேர் ஒரே சனலில்

மிடியில் ஒரு போர்ட்டுக்குள் 16 சனல். கடையிலிருந்து வரும் கொண்ட்ரோலர்கள் பெரும்பாலும் முதலாம் சனலில்தான் இருக்கும். பேட்கள் சிலது பத்தாவதில். மேல் கீபோர்டில் புல்லாங்குழல், கீழ்க் கீபோர்டில் பியானோ என்று நினைத்து வாசித்தால் இரண்டிலும் இரண்டும் கேட்கிறதா? ட்ரக் ஒவ்வொன்றுக்கும் 'எந்தப் போர்ட், எந்தச் சனல்' என்று குறிப்பாகக் கொடுங்கள். கட்டையைத் தொட்டால் மிருதங்கம் அடிக்கிறது என்ற முறைப்பாட்டுக்கும் இதுவே மருந்து.

பெடலும் இப்படித்தான். அது 64ஆம் இலக்கக் கட்டுப்பாட்டுச் செய்தி. ஒரு கீபோர்டில் மிதித்தால் அதே சனலில் உள்ள மற்றதும் சேர்ந்து இழுக்கும். பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது காலை எடுத்தால் இழுத்து மிதித்தால் நின்றால், கீபோர்டை ஓன் பண்ணும்போது பெடலில் கால் இருந்திருக்கக்கூடும். பல கீபோர்ட்கள் அந்தக் கணத்து நிலையைத்தான் 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்கின்றன. காலை எடுத்துவிட்டு ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்.

நம் ஊரில் தனியாகக் கவனிக்கவேண்டியது, கட்டைகளின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ். பாடகி ஐந்தரைக் கட்டை என்றால், 'சி'யில் பழகிய கை 'ஜி ஷார்ப்'புக்குப் போகாமல் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடும். அது அந்தக் கீபோர்டுக்குள் மட்டும் நடக்கும் வேலை. இரண்டாவது கீபோர்டுக்குத் தெரியாது. இரண்டு கீபோர்ட் வைத்திருப்பவர்கள் கருவியின் பொத்தானைத் தொடாமல், மென்பொருளில் ட்ரக்குகளுக்குச் சேர்த்து மாற்றுவது நல்லது. அப்படிச் செய்யும்போது ட்ரம் ட்ரக்கை விட்டுவிடுங்கள். அதையும் ஏற்றினால் கிக் இருந்த இடத்தில் வேறேதோ சத்தம் வரும்.

யமஹா பீஎஸ்ஆர் போன்ற, தனக்கே சத்தமுள்ள கீபோர்டைக் கொண்ட்ரோலராகப் பாவித்தால் ஒவ்வொரு சுரமும் இரட்டிப்பாகக் கேட்கலாம். கட்டை கீபோர்டின் சத்தத்தையும் அடிக்கிறது, லப்டொப்புக்கும் போகிறது, லப்டொப் அதைத் திரும்பக் கீபோர்டுக்கே அனுப்புகிறது. கீபோர்டின் அமைப்பில் 'லோக்கல் கொண்ட்ரோல்' என்பதை ஓஃப் பண்ணுங்கள், அல்லது மென்பொருளில் அந்தக் கீபோர்டுக்குப் போகும் வெளியீட்டை மூடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கீபோர்ட் ஊமையாகிவிடும்.

குமிழைத் தொட்டதும் சத்தம் திடீரென்று பாய்கிறதென்றால், குமிழ் நிற்கும் இடமும் மென்பொருளில் உள்ள அளவும் வேறு வேறு. 'பிக்கப்' அல்லது 'சொஃப்ட் டேக்ஓவர்' என்ற தெரிவைப் போட்டால், குமிழ் அந்த அளவைத் தாண்டும்வரை மென்பொருள் பொறுத்திருக்கும்.

கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துச் சத்தம் வருவது கொண்ட்ரோலரின் குற்றமில்லை. ஓடியோ அமைப்பில் பஃபர் அளவை (மென்பொருள் சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் துண்டின் அளவை) குறையுங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்குச் சத்தத்தின் மாதிரிகள்) 44,100 ஆக இருக்கும்போது பஃபர் 1024 என்றால் 23 மில்லி செக்கன் தாமதம், 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. சத்தம் உடைந்தால் 256க்கு ஏற்றுங்கள்.

மண்டபத்தில்

வீட்டில் இல்லாத இரைச்சல் மண்டபத்தில் 'ம்ம்ம்' என்று வந்தால் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின் நில இணைப்பின் (ஏர்த்) வேலை. லப்டொப்பையும் மிக்ஸரையும் ஒரே மல்டி பிளக்கில் எடுங்கள், அல்லது சவுண்ட்காரரிடம், லப்டொப்புக்கும் மிக்ஸருக்கும் இடையில் மாட்டி இந்த இரைச்சலைத் தடுக்கும் டிஐ பெட்டி கேளுங்கள். இலங்கையில் 13 அம்பியர் சதுரக்கால் பிளக் நியமமாகிவிட்டாலும், பழைய மண்டபங்களில் உருண்டைக்கால் சொக்கெட்டும் இடையில் ஒரு மலிவு அடப்டரும் இருக்கும். அந்த அடப்டரில் நில இணைப்பு தொடாமல் போவதுண்டு. இரைச்சலை நிறுத்த நிலக் காலை வேண்டுமென்றே முறிப்பவர்களைக் கண்டால் தடுங்கள். மைக்கைப் பிடித்திருக்கும் பாடகருக்கு அது உயிராபத்து.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் ஹப் அடப்டரையும் சார்ஜரையும் சுவரில் இருந்து கழற்றிவிடுவது நல்லது.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் எதையும் அப்டேட் பண்ணாதீர்கள். கொண்ட்ரோலரின் ஃபேர்ம்வெயரை (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் ஓய்வு நாள் வையுங்கள். ஹப் இல்லாமல் நேரடியாக மாட்டி, மற்றவற்றைக் கழற்றி, லப்டொப் பற்றரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். பாதியில் அறுந்தால் கருவியை மீட்பது பெரும்பாடு. வேலை செய்கிற அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால், யாராவது தொட்டுக் குழப்பினாலும் பார்த்துத் திருப்பி வைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கொண்ட்ரோலர் மட்டும் அடம்பிடித்தால், நல்ல வயரோடு வேறொருவரின் லப்டொப்பில் மாட்டுங்கள். அங்கேயும் மிடி-ஓஎக்ஸில் வரி வரவில்லையென்றால் அப்போது பழுது என்று சொல்லலாம். பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். எந்த வயர், எந்த லப்டொப், என்ன பார்த்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், 'டிரைவரைப் போட்டுப் பாருங்கள்' என்று அவர்கள் திருப்பி அனுப்புவது கடினமாகிவிடும்.